மலை இறங்கும் பைக்குக்கு பிரேக் வேலை: வால்பாறை, ஊட்டி, திம்பம் கிளம்புமுன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் 14. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று கொங்கு நாட்டில் எங்கே இருந்தாலும் விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் நிற்கலாம். ஆனால் மலைப் பயணம் என்றாலே பேச்சு ஏறுவதைப் பற்றித்தான்: இந்த சிசி இழுக்குமா, பின்னால் ஆள் இருந்தால் திணறுமா, எந்த கியரில் ஏறும். ஏற முடியாத வண்டி பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்க முடியாத வண்டி நிற்காது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவு. இடையில் 1,500 மீட்டர் இறக்கம். 150 சிசி வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 44 லட்சம் ஜூல். 15 லிட்டர் தண்ணீரைக் குழாயில் பிடித்த சூட்டிலிருந்து கொதிக்கவைக்க அந்த அளவு ஆற்றல் போதும். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கும். ஒரு பங்கை இன்ஜின் வாங்கும், நீங்கள் வாங்க விட்டால். மிச்சம் அத்தனையும் ஒரு சிறிய டிஸ்க்கிலும் உள்ளங்கையளவு டிரம்மிலும் சூடாக இறங்கும். இந்தச் சூட்டைத் தாங்கும்படி பிரேக்கைத் தயார் செய்வதும், அதில் ஏறும் சூட்டைக் குறைத்து ஓட்டுவதும்தான் இந்த வழிகாட்டி முழுக்க.

"பிரேக் பிடிக்கலைங்க" என்பதில் மூன்று வகை

பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். லீவரைப் பிடித்த கைக்கு வித்தியாசம் தெரியும்.

லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய் கைப்பிடியைத் தொடுகிறது, நாலைந்து முறை அடித்தால் கொஞ்சம் எழும்புகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது, அல்லது லைனில் காற்று இருக்கிறது. ஆவியும் காற்றும் நசுங்கும், ஆயில் நசுங்காது. நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

லீவர் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் வெந்திருக்கிறது. அதன் பிசின் சூட்டில் உருகி, மேல்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். கருகிய வாடையும் வரும்.

மூன்றாவது வெறும் இயந்திரக் கோளாறு: டிரம்முக்குள் உரசும் ஷூ தேய்ந்து, அதை விரிக்கும் கேம் கடைசி வரை திரும்பிவிட்டது, கேபிள் இழுபட்டுவிட்டது, பேட்டுகளைத் தாங்கும் காலிபரின் பின் இறுகி ஒரு பேட் மட்டும் பிடிக்கிறது. இது சமதளத்திலேயே தெரியும். தெரிந்தும் தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

இந்த வேலைகளைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு செய்யாதீர்கள். புது பேட்டும் புது ஷூவும் பழக வேண்டும். லைனிலுள்ள காற்றை, அதாவது ஏரை, சரியாக எடுத்தோமா என்பது இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டினால்தான் தெரியும். இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

பிரேக் ஆயில்: முதலில் இதை மாற்றுங்கள்

பெரும்பாலான பைக்குகளுக்கு டாட் (DOT) 3 அல்லது டாட் 4 ரக ஆயில். ஹேண்டிலில் லீவரை ஒட்டியிருக்கும் ஆயில் டப்பாதான் மாஸ்டர் சிலிண்டர், அதன் மூடியிலேயே எது என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் கிளைக்கால் (glycol) வகை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3-க்கு 205-ம் 140-ம். இரண்டு வருடம் மாற்றாத ஆயில் சமதளத்தில் எந்தக் குறையும் காட்டாது. கோவை சிக்னல்களில் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்குது" என்பவர்கள் அந்தச் சூட்டையே பார்த்ததில்லை. 155 டிகிரி என்பது நீண்ட இறக்கத்தில் காலிபர் எட்டக்கூடிய சூடு.

டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5.1-ம் கிளைக்கால்தான். புள்ளி ஒன்று இல்லாத வெறும் டாட் 5 மட்டும் சிலிக்கோன். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 250 மில்லி சீல் பிரிக்காத பாட்டில் வாங்குங்கள், மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று பரணில் வைக்காதீர்கள். திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும். "அண்ணா, பிரேக் ஆயில் மாத்தணும்" என்று வண்டியை விட்டால் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு "ஆச்சுங்க தம்பி" என்று சாவியைக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. மேலே ஊற்றுவது மாற்றுவது ஆகாது. சூடேறுவது காலிபருக்குள் கிடக்கும் ஆயில், அது அப்படியே கிடக்கும். அதனால் இதைச் சொந்தக் கையால் செய்வதே மேல். ஒரு மணி நேர வேலை.

தேவையானவை: 8 மி.மீ. ரிங் ஸ்பேனர் (சில வண்டிகளில் 10), தலை தேயாத ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மீன்தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இரண்டு அடி, காலி பாட்டில், ஊசி போடாத 10 மில்லி சிரிஞ்சு, ஒரு வாளி தண்ணீர், நிறைய பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. கலர் போகாத வெள்ளைத் துணியாக எடுங்கள். ஆயில் எந்த நிறத்தில் வருகிறது என்று அதில் தெரியும்.

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மாஸ்டர் சிலிண்டர் சமமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்புங்கள். டேங்க் மேல் நனைத்த துணியைப் போர்த்துங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். பட்டால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

2. மூடியின் இரண்டு ஸ்க்ரூவும் மெத்தென்ற உலோகம். அவசரப்பட்டால் தலை தேய்ந்துவிடும். டிரைவரை ஸ்க்ரூவில் வைத்து சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டி, உடம்பு எடையை அதன் மேல் வைத்துத் திருப்புங்கள். திறக்குமுன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள்.

3. உள்ளே உள்ள ரப்பர் டயாஃப்ரத்தை எடுத்துவிட்டு சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சுங்கள். அடியில் கறுப்பாகப் படிந்திருந்தால் பஞ்சு நூல் விடாத துணியால் ஒற்றி எடுங்கள். இந்த நேரத்தில் லீவரைத் தொடவே கூடாது. தொட்டால் மாஸ்டர் சிலிண்டர் காற்றைக் குடித்துவிடும். உடனே புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள்.

4. காலிபரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனர், அதன் பிறகு குழாய். குழாயின் மறுமுனை பாட்டிலுக்குள், இரண்டு விரல் அளவு புது ஆயிலில் முங்கியிருக்கட்டும்.

5. லீவரை மெதுவாக மூன்று முறை அமுக்கி, நான்காவது முறை பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லீவர் கைப்பிடி வரை இறங்கும், ஆயில் குழாயில் ஓடும். நிப்பிளை மூடிவிட்டுத்தான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் செய்ததெல்லாம் வீண்.

6. திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். ஐந்தாறு முறைக்கு ஒரு தடவை மேலே ஆயில் அளவைப் பார்த்து நிரப்புங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே ஒருபோதும் போகவிடாதீர்கள். ஏபிஎஸ் வண்டியில் இது இரட்டிப்பு முக்கியம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் அதை வெளியேற்ற கம்பெனி சர்வீஸின் ஸ்கேனர் தேவைப்படும்.

முதலில் வருவது பால் விடாத டீ நிறத்தில் இருக்கும். பாட்டிலில் உள்ள புது ஆயிலின் இளமஞ்சள் குழாயிலும் வந்து, குமிழி நின்றால் லைன் சுத்தம். முன் பிரேக் ஒன்றுக்கு 100 மில்லி தாராளமாகப் போதும்.

இதற்குப் பிறகும் லீவர் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால், குமிழி பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு மேல் பக்கத்தில் ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்தே வைத்து லீவரை ஒரு சென்டிமீட்டர் மட்டும், சின்னச் சின்னதாக இருபது முப்பது முறை தட்டுங்கள். அடியிலுள்ள சிறு துளையிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் எழுவது கண்ணுக்குத் தெரியும். ஹோஸையும் அதன் முனையைப் பிடித்திருக்கும் பஞ்சோ போல்ட்டையும் ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினால் ஒட்டியிருப்பவையும் கிளம்பும். கடைசி வழி: மூடியைப் போட்டு, பழைய டியூப் துண்டால் லீவரைக் கைப்பிடியோடு கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பெரும்பாலும் கெட்டியாகிவிடும்.

நிப்பிள் உள்ளே ஓட்டையான சின்னப் பொருள். சைக்கிள் நட் இறுக்குவதுபோல் பலம் காட்டினால் காலிபருக்குள்ளேயே முறிந்துவிடும், அப்புறம் புதுக் காலிபர்தான். ரிங் ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து, இரண்டு விரல் பலத்தில் ஒரு இறுக்கு போதும். இறுக்கியதும் லீவரை ஒரு நிமிடம் பலமாகப் பிடித்து, நிப்பிளிலும் பஞ்சோ போல்ட்டிலும் வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். துணி ஈரமாகக் கூடாது. ரப்பர் தொப்பியைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். அது இல்லாத நிப்பிளில் மழைக்காலம் முடிவதற்குள் துரு அடைத்துவிடும்.

ஆயில் புதிது, ஏரும் இல்லை, ஆனாலும் லீவர் மெத்தென்று இருக்கிறது என்றால் ஹோஸைப் பாருங்கள். யாரையாவது லீவரை அமுக்கச் சொல்லி ஹோஸை விரலால் பிடித்தால், பழைய ரப்பர் உப்புவது தெரியும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஹோஸை மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. மாற்றுபவர்கள் சிலர்தான்.

பேட், டிஸ்க், காலிபர்

பேட்டின் உரசும் பகுதி 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், நடுவில் உள்ள கோடு மறைந்துவிட்டால், மாற்றுங்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு முன்பே, பாதி தேய்ந்த நிலையிலேயே மாற்றுவது நல்லது. பேட் மெலிந்தால் டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போகும். பழைய பேட்டை ஊருக்குள் ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

காலிபரைக் கழற்றுமுன் பேட் பின்னை முதலில் லூஸ் செய்யுங்கள். காலிபர் கையில் வந்த பிறகு அதை லூஸ் செய்ய முயன்றால் பிடிமானம் கிடைக்காது. காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிற்றால் ஃபோர்க்கில் கட்டுங்கள். பிஸ்டனில் அப்பியிருக்கும் கறுப்புப் பொடியைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்தெடுத்த பிறகே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் இங்கே கூடாது. பிரேக் சீல் ரப்பர் அவற்றில் ஊறி உப்பிவிடும், பிஸ்டன் இறுகி பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே ஆயில் ஏறி வழியும். ஒருவர் சிரிஞ்சோடு அங்கே நிற்கட்டும்.

காலிபர் நகரும் இரண்டு பின்களையும் உருவித் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், அதுவும் அந்த ரப்பரைக் கெடுக்கும். ஒரு பேட் காகிதம் மாதிரியும் மற்றது புதிது மாதிரியும் இருந்தால் இந்தப் பின்கள் இறுகிக் கிடந்திருக்கின்றன என்று பொருள்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் இல்லையென்றால் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நிற்கும் அளவு படி இருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்து அளந்துவிடுங்கள். கோவையில் வெர்னியர் இல்லாத தெரு ஏது.

எல்லாவற்றையும் மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், வண்டியில் ஏறுமுன் லீவரை அடித்துக் கெட்டியாக்குவது. பிஸ்டன் உள்ளே இருப்பதால் முதல் நாலைந்து அமுக்கலில் பிரேக்கே இருக்காது. இதை மறந்து வாசலிலிருந்து நேராக எதிர்வீட்டுச் சுவரில் போய் நின்றவர்கள் உண்டு.

புது பேட்டைப் பழக்க ஆளில்லாத நேரான ரோடு வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, முழுவதும் நிறுத்தாமல், நிதானமாக 20 முறை பிடித்து விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு லீவரைப் பிடித்தபடி நிற்காதீர்கள்.

பின் டிரம்

100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 130 மி.மீ. டிரம். பிரேக் பிளேட்டில் உள்ள அம்புக்குறி, பெடலை முழுதாக மிதிக்கும்போது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூவுக்கு ஆயுள் முடிந்தது. 130 டிரம்முக்குள் விட்டம் 131-ஐத் தாண்டினால் டிரம்மையே பார்க்க வேண்டும். லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே உள்ள பொடியை ஏர் கன்னால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். பழைய வகை லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஷூ பளபளவென்று மின்னினால் 120-ம் நம்பர் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து அந்த மினுக்கை எடுங்கள். முன்விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட்டால் கீச்சொலி போகும். கேமை உருவித் துடைத்து, மிளகளவு கிரீஸ் மட்டும். அதிகமானால் சூட்டில் உருகி ஷூவில் வடியும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, டார்க் ஆர்ம் நட்டும் அதன் ஸ்ப்ளிட் பின்னும். பிரேக் பிளேட் சுழலாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கம்பிதான். அது கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட் சுழன்று, ராடை முறுக்கி, சக்கரத்தைப் பூட்டிவிடும். ஸ்ப்ளிட் பின் இரண்டு ரூபாய் சமாச்சாரம். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். இரண்டு, அச்சு நட்டை இறுக்கும்போது இன்னொருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஷூவும் டிரம்முக்கு நடுவில் உட்காரும். பிரேக் கடிப்பது ஒரே நாளில் மாறிவிட்டதுபோல் தெரியும்.

பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் விடுங்கள். அதைவிட இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும், அடிவாரம் வருமுன்பே டிரம் கொதித்திருக்கும். பிரேக் விளக்கு ஸ்விட்சையும் அதற்கேற்பத் திருகிச் சரிசெய்யுங்கள்.

டயர் காற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆள் ஏற்றும்போது எவ்வளவு என்று செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும், அதைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

கிளம்பும் நாள்

நீலகிரிக்குள் போகும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு. கோடை சீசனில் குன்னூர் வழி ஏற்றத்துக்கும் கோத்தகிரி வழி இறக்கத்துக்கும் என்று ஒருவழி ஆக்குவார்கள். திம்பம் ரோட்டில் இரவுத் தடை இருக்கிறது. சாயங்காலம் தாளவாடியிலிருந்து திரும்புகிறவர்கள் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 வளைவு. வெளியூர் வண்டிகளைக் கீழ்நோக்கி விடுவதில்லை. அத்தனை விபத்துகளுக்குப் பிறகு வந்த தடை அது. அதைச் சுற்றிப் போகக் குறுக்குவழி தேடாதீர்கள்.

இறங்கும்போது

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். 100–125 சிசி வண்டியில் இரண்டு பேர் என்றால் நேர்பகுதியில் மூன்று அல்லது இரண்டு, கொண்டை ஊசியில் இரண்டு, கொல்லிமலை மாதிரி நெருக்கி அடுக்கிய வளைவுகளில் சில இடங்களில் ஒன்று. கியர் சரி என்பதற்கு அடையாளம்: ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டால் வேகம் ஏறாமல் நிற்க வேண்டும், அல்லது மெதுவாகத்தான் ஏற வேண்டும். சரசரவென்று ஏறினால் இன்னொரு கியர் குறையுங்கள். இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது, சாவியை அணைப்பது இரண்டும் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆக, உருட்டுபவர் மிச்சமும் பிடிப்பதில்லை. கார்புரேட்டர் வண்டியில் சாவியை அணைத்து கியரில் இறங்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, சாவி போட்டதும் வெடிச்சத்தம் போடும்.

பிரேக்கை வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போது, அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். அடுத்த வளைவு வரை டிஸ்க்குக்குக் காற்று படட்டும். லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது பத்திரம் என்று தோன்றும், ஆனால் அதில்தான் ஆறுவதற்கு இடைவெளியே இல்லாமல் சூடு சேரும். வலது காலைப் பெடல் மேல் ஓய்வாக வைத்து ஓட்டுபவர்கள் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே தெரியும், அவர்களும் நம்புவதை விட்டுவிடுவார்கள். வண்டியை நிறுத்த முன்சக்கரப் பிரேக்கையே நம்புங்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின் சக்கரம் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போகும்.

மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசியில் திரும்பும் அரசுப் பேருந்துக்கு முழு ரோடும் வேண்டும். கீழே ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்று அது ஏறி வரும்வரை பொறுங்கள். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ இருக்கிறது. ஆழியாறு அணையைப் பார்க்க எல்லாரும் நிற்கும் இடம். இறங்கும்போது அங்கே வருவதற்குள் 31 வளைவு முடிந்திருக்கும், வண்டியை ஆறவிடவும் சரியான இடம். அதற்கு முன்பும் ஒருமுறை நிறுத்துங்கள். நிற்கும்போது லீவரைப் பிடித்து வைக்காமல் முதல் கியரில் விட்டு நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணும்.

லீவர் வழக்கத்தைவிட அரை விரல் உள்ளே போகிறது என்று கைக்குத் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. அடுத்த அகலமான இடத்தில் நின்று அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறியதும் லீவர் பழையபடி கெட்டியானால் ஆயில் கொதித்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மீதி தூரத்தைக் குறைந்த கியரில் இறங்கி, ஊர் போனதும் ஆயிலை மாற்ற வேண்டும்.

பிரேக் முற்றிலும் கைவிட்டால்: கியர் மாற்றும் நொடி தவிர கிளட்சைப் பிடித்து வைக்காதீர்கள், பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிப்பும் இருக்காது. லீவரை வேகவேகமாக அடித்துக்கொண்டே பின் பிரேக்கை மிதித்து, ஒவ்வொரு கியராக இறக்குங்கள். இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் பள்ளத்தாக்குப் பக்கம் வேண்டாம். மலைப்பக்கச் சாக்கடை, மண்மேடு, புதர் எதுவானாலும் பரவாயில்லை.

கியரில்லா ஸ்கூட்டர், டூ-ஸ்ட்ரோக், எலக்ட்ரிக், கார்

ஸ்கூட்டர்தான் இந்த ரோடுகளில் அதிகம் ஏமாற்றும் வண்டி. வேகம் குறைந்ததும் உள்ளே உள்ள சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பே இருக்காது. வண்டி நியூட்ரலில் உருள்வதற்குச் சமம். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி கிளட்சைப் பிடிக்கவைத்து, பிறகு விட்டு இறங்கினால் கொஞ்சம் இன்ஜின் பிடிப்பு கிடைக்கும். அதுவும் பைக் அளவுக்கு வராது. டிரம் பிரேக் ஸ்கூட்டரில் இரண்டு பேர் ஏறி ஊட்டியிலிருந்து இறங்குவதாக இருந்தால் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிடிப்பு குறைவு. அதோடு ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டரோடு கட்டப்பட்டது. நீண்ட நேரம் முழுக்க மூடியே இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் குறைவாகத்தான் போகும். நேர்பகுதியில் அவ்வப்போது ஒரு திருகு திருகி விடுங்கள். பம்ப்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பி இருந்தால் அனுப்ப இடமில்லை, அந்தப் பிடிப்பு குறையும் அல்லது நின்றுவிடும். குன்னூரில் தங்கி ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்காதீர்கள். 80-ல் நிறுத்திக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் அதைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும்.

காருக்கும் அதே ஆயில் விதி, அதே கியர் விதி. கூடுதலாக ஒன்று: இன்ஜினை அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஏஎம்டி காரில் மேனுவலுக்கு மாற்றி இரண்டாம் கியரில் பூட்டுங்கள். சிவிடி என்றால் எல் மோடு.

வீடு திரும்பிய பின்

மறுநாள் காலை வண்டி முழுதாக ஆறிய பிறகு டிஸ்க்கைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது, பேட்டைக் கழற்றி மினுக்கு இருக்கிறதா பார்த்து உப்புத்தாள் போடுங்கள். லீவர் முன்பைவிட மெத்தென்று இருந்தால் ஏர் எடுக்கும் வேலையை மறுபடி செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை போய் வந்த வண்டியாக இருந்தால் மழையும் சேறும் காலிபர் பின்னுக்குள் போயிருக்கும், அந்த இரண்டையும் உருவித் துடைத்துவிடுங்கள். ஆயில் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒட்டிவையுங்கள். மூடி மேல் மார்க்கரால் எழுதினால் முதல் தண்ணி சர்வீஸிலேயே போய்விடும்.